முகூர்த்தம் எப்போ?

தேனிலவுக்கு எங்கே போகலாம் என்று கேட்டு வருகிறவர்கள் முதலில் நீட்டுவது கைப்பேசியைத்தான். நீலத் தண்ணீர், அதன்மேல் மரப்பாலம், பாலத்தின் கோடியில் ஓலை வேய்ந்த ஒரு குடில். மும்பை மாட்டுங்கா ஸ்டேஷனை அடுத்த பூக்கடைகளைத் தாண்டி, பழைய கட்டடம் ஒன்றின் மாடிப்படிக்குக் கீழே கடை போட்டிருக்கும் அந்தப் பயண ஏஜென்ட் படத்தைப் பார்ப்பதே இல்லை. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒரே கேள்வி கேட்பார்: "முகூர்த்தம் எப்போ?"

'தை' என்று பதில் வந்தால் முகம் மலரும். 'ஆனி' என்றால் மேஜைமேல் கிடக்கும் தினசரிக் காலண்டரை இழுத்துக்கொண்டு, "உக்காருங்கோ, கொஞ்சம் பேசணும்" என்பார்.

முப்பது வருஷத்துக்கும் மேலாக இதே தொழில். மாட்டுங்கா அக்ரகார வாசனை விடாத குடும்பங்களுக்கு அவர் 'மாமா'. செம்பூரிலிருந்து வரும் ஆபீஸ்காரர்களுக்கு 'சார்'. தாராவிப் பையன்களுக்கு 'அண்ணாச்சி'. அவர் பாலக்காட்டுக்காரர் என்பதைப் பற்றி அவர்களுக்குக் கவலையில்லை. மூன்று பேட்டைக்கும் தேனிலவு ஒன்றுதான் என்று நினைத்துத்தான் தொழிலைத் தொடங்கினார். அது தப்பு என்று புரியப் பத்து வருஷம் ஆயிற்று.

நம்முடையது வெப்பமண்டல தேசம். குளிர்காலம், வசந்தம் என்று வெள்ளைக்காரன் புத்தகத்தில் இருக்கும் நான்கு பருவங்கள் நம் கடற்கரைகளுக்குப் பொருந்தாது. மழை, மழை இல்லாத நாள், அவ்வளவுதான் கணக்கு. தமிழ்க் கல்யாணத்துக்கோ வேறு கணக்கு. மார்கழியில் கிடையாது, ஆடியில் கிடையாது, புரட்டாசியில் பலர் செய்வதில்லை. மிச்ச மாதங்களில் வைகாசி, ஆனி, ஆவணி மூன்றும் கல்யாண மண்டபம் கிடைக்காத மாதங்கள். வைகாசி நடுவில், ஜூன் முதல் தேதி வாக்கில் கேரளத்தில் மழை இறங்கும். அடுத்த பத்துப் பன்னிரண்டு நாளில் மும்பைக்கு வந்துவிடும். கன்னியாகுமரிக்கு மேற்கே ஆரம்பித்துக் குஜராத் வரைக்கும் கடல் சாம்பல் நிறமாகிவிடும். கோவாவில் கடற்கரைக் குடிசைக் கடைகளை மே கடைசிக்குள் பிரித்துப்போடுவார்கள். செப்டம்பர் வரை கடலில் இறங்கக்கூடாது என்று சிவப்புக்கொடி பறக்கும். கைப்பேசியில் இருக்கும் அந்த நீலத் தண்ணீர் ஜனவரியில் எடுத்த படம்.

இந்தப் பாடத்தை அவர் கற்றது 1998-ல். அந்த வருஷம் ஜனவரி 26-ம் தேதிதான் கொங்கண் ரயில் பாதை முழுதாகத் திறந்தது. அதுவரை மும்பையிலிருந்து கேரளா போக ஜெயந்தி ஜனதா ரயிலில் புணே, குண்டக்கல், பாலக்காடு என்று சுற்றிக்கொண்டு இரண்டு ராத்திரி போகவேண்டும். கோவாவுக்கு ராத்திரி பஸ். புதுப்பாதை வந்த உற்சாகத்தில், செம்பூர் சேடா நகர் முருகன் கோவிலில் ஆனி மாதம் கல்யாணமான ஒரு ஜோடியை அவர் கோவாவுக்கு அனுப்பிவைத்தார். நான்கு நாளும் மழை. வாசல்படியைத் தாண்டவில்லை. ஊருக்கு வந்ததும் பையனின் அப்பா கடைக்கே வந்து, காசை வாங்கிக்கொண்டு மழை பார்க்க அனுப்பினாயா என்று சத்தம் போட்டார். பூக்கடைக்காரரெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒரு வாரம் கழித்து அதே பையன் வந்தான். அப்பா பேசியதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, மெதுவாகச் சொன்னான்: "எங்களுக்கு ஒண்ணும் குறையில்லே மாமா. அப்பாவுக்குத்தான் போட்டோ இல்லையேன்னு வருத்தம்."

தேனிலவு வாங்குகிறவர் ஒருவர், அனுபவிக்கிறவர் இன்னொருவர் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. பணம் பெரியவர்களுடையது. அவர்களுக்குக் காட்சி வேண்டும், ஆல்பம் வேண்டும், வழியில் ஒரு கோவிலும் வேண்டும். சின்னவர்களுக்கு வேண்டியது என்ன என்பதை நேராகச் சொன்னது மாட்டுங்காவும் இல்லை, செம்பூரும் இல்லை. தாராவிதான் சொன்னது.

தொண்ணூறடி ரோட்டை ஒட்டிய சந்திலிருந்து ஒரு பையன் வந்தான். அப்பா காலத்திலிருந்தே இட்லி வியாபாரம். விடியுமுன் அண்டாவில் மாவு வெந்து, ஏழு மணிக்கெல்லாம் இட்லிக்காரர்கள் ஊரெங்கும் தலைச்சுமையாகக் கிளம்பிவிடும் குடும்பங்களில் ஒன்று. வீடு என்பது பத்துக்குப் பத்து அறை. மேலே ஒரு பரண். அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, இரண்டு குழந்தைகள், இவன். இனிமேல் இவன் மனைவியும். அவன் படமெல்லாம் காட்டவில்லை. கடலா மலையா என்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அண்ணாச்சி, ரூமுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் நல்லா விழுமில்லா?" என்றான்.

இத்தனை வருஷத்தில் தேனிலவைப் பற்றித் தன்னிடம் கேட்கப்பட்ட நேர்மையான கேள்வி அது ஒன்றுதான் என்று ஏஜென்ட் இன்றும் சொல்கிறார். மும்பையில் புதுசாகக் கல்யாணமானவர்கள் பேசிக்கொள்ள மெரீன் டிரைவ் சுவருக்கும் பாந்த்ரா பேண்ட்ஸ்டாண்ட் பாறைக்கும் போகிறார்கள். ஊருக்கு முதுகைக் காட்டி, கடலைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மாட்டுங்காக்காரர்களுக்கு ஃபைவ் கார்டன்ஸ் பெஞ்சு. தாலி கட்டிய பெண்டாட்டியோடு பெஞ்சில் உட்காரப் போலீஸ்காரனுக்குப் பயப்படும் ஊர் இது. இங்கே தேனிலவு என்றால் முதலில் ஒரு கதவு. கடலும் மலையும் அதற்குப் பிறகுதான்.

அந்தப் பையனுக்கு மூன்று நாளுக்கு மேல் லீவு கிடையாது. நாலாவது நாள் இட்லி போகாவிட்டால் வாடிக்கை வேறு ஆளிடம் போய்விடும். அவனை மாத்தேரானுக்கு அனுப்பினார். குர்லாவில் கர்ஜத் லோக்கல் பிடித்து நேரலில் இறங்கினால் மலையடிவாரம். 1907-ல் ஆதம்ஜி பீர்பாய் குடும்பம் போட்ட இரண்டடி அகல ரயில் பாதை அங்கிருந்து சுமார் 21 கி.மீ. வளைந்து வளைந்து மேலே ஏறுகிறது. மழைக்காலத்தில் அடிவாரத்திலிருந்து ரயில் கிடையாது. மேலே அமன் லாட்ஜிலிருந்து மாத்தேரான் வரை மட்டும் ஓடும். ஷேர் டாக்ஸியில் தஸ்தூரி வரை போய்விட்டு அங்கிருந்து நடக்கலாம், குதிரையிலும் போகலாம். அதற்குமேல் மோட்டார் வண்டி கூடாது என்பது மாத்தேரானின் பழைய சட்டம். கைரிக்ஷாவில் மனிதனை மனிதன் இழுத்துப்போகும் வழக்கம் அங்கே வெகுகாலம் இருந்தது. ஆறு மாதத்துக்குள் அதை நிறுத்தவேண்டும் என்று 2025 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. ஹாரன் சத்தம் கேட்காத ஊரில் மூன்று நாள் இருப்பது தாராவிக்காரனுக்கு எப்படிப்பட்ட விஷயம் என்று செம்பூர்க்காரருக்கு விளக்க முடியாது. வாரநாளில் போனால் அறை பாதி விலை. ஏஜென்டுக்கு அதில் கமிஷன் என்று பெரிதாக ஒன்றும் நிற்காது. அவன் தங்கைக்கும், பிறகு மச்சினனுக்கும் டிக்கெட் அவரிடம்தான் வந்தது என்பது வேறு கணக்கு.

தாராவித் தமிழர்களில் பெரும்பகுதி திருநெல்வேலிப் பக்கம். கல்யாணம் ஊரில்தான். பதினைந்து நாள் லீவில் போய், குலதெய்வம் கும்பிட்டு, மறுவீடு முடித்து, சித்தப்பா வீட்டு விருந்து, அத்தை வீட்டு விருந்து என்று ஓடுவதற்குள் திரும்பும் ரயில் வந்து நிற்கும். 'தேனிலவுக்கு நேரமே இல்லையே' என்று அலுத்துக்கொள்பவர்களிடம் இவர் சொல்வது, "ஆனியில கல்யாணத்தை வெச்சுண்டு திருநெல்வேலியிலேயே இருந்துண்டு என்னைக் கேக்கறேளே!" மற்ற இடமெல்லாம் மழையில் முடங்கும்போது குற்றாலத்தில்தான் சீசன். மேற்குத் தொடர்ச்சி மலை பெருமழையைத் தடுத்து, இந்தப் பக்கம் சாரலை மட்டும் அனுப்புகிறது. இரண்டு விருந்துக்கு நடுவே ஒரு நாள் அருவி, ஒரு நாள் கன்னியாகுமரி. கன்னியாகுமரியில் 2024 டிசம்பர் 30-ல் விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே கண்ணாடிப் பாலம் திறந்தபிறகு, அது போட்டோ கணக்கையும் தீர்த்துவிடுகிறது.

ஆனால் ஆனிக்கு ஒரு கெடு உண்டு. ஆடி பிறந்தால் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். ஆடியில் கரு உண்டானால் சித்திரை வெயிலில் பிரசவம் என்று அதற்கு ஒரு காரணமும் சொல்வார்கள். ஆனி இருபத்தைந்தில் கல்யாணம் வைத்துவிட்டுப் பத்து நாள் அந்தமான் கேட்டு வந்த குடும்பம் ஒன்று உண்டு. மழையைச் சொன்னார், கேட்கவில்லை. காலண்டரைத் திருப்பி ஆடி ஒன்றாம் தேதியைக் காட்டினார். மாமியார் எழுந்து போய்விட்டார்.

வசதியுள்ள மாட்டுங்கா, செம்பூர்க் குடும்பங்களுக்கு வெகுகாலம் தேனிலவு என்றால் காஷ்மீர்தான். 1961-ல் ஸ்ரீதர் 'தேனிலவு' என்றே பெயர் வைத்து அங்கே போய்ப் படமெடுத்தார். தால் ஏரிப் படகு அன்றிலிருந்து தமிழ் மனத்தில் ஒட்டிக்கொண்டது. எண்பதுகளின் கடைசியில் அங்கே நிலைமை கெட்டது. 1992-ல் வந்த 'ரோஜா'வில் நாம் பார்த்த காஷ்மீரே மணாலியிலும் ஊட்டிப் பக்கமும் எடுத்ததுதான். ஜோடிகளும் அதே வழியில் மணாலிக்கும் ஊட்டிக்கும் திரும்பின. ஊட்டி இப்போது அவ்வளவு சுலபமில்லை: நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போக இ-பாஸ் எடுக்கவேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கி.மீ. ஏறும் பல்சக்கர மலை ரயிலுக்கு டிக்கெட் கிடைப்பது தனிப் பிரயத்தனம்.

பிறகு வந்தது கேரளா. கொச்சி, மூணாறு, தேக்கடி, ஆலப்புழை: அஞ்சு ராத்திரி ஆறு பகல். மும்பையில் இதைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிக்கும் ஏஜென்டுகள் நூறு பேர் இருப்பார்கள். நம்மவர் ஒப்பிப்பதில்லை. கல்யாணப் பெண் விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து, ஹோமப் புகையில் உட்கார்ந்து, ராத்திரி பதினொரு மணி வரை ரிசப்ஷனில் நின்றவள். மறுநாள் விமானத்தில் கொச்சியில் இறக்கி, உடனே 130 கி.மீ. மலைப்பாதையில் நான்கு மணி நேரம் வளைத்து வளைத்து மூணாறுக்கு ஏற்றினால் என்ன ஆகும்? டிரைவர்கள் வண்டியில் பாலிதீன் பை வைத்திருப்பது எதற்கு என்று இவருக்குத் தெரியும். முதல் நாள் மூன்று மணி நேரத்துக்கு மேல் வண்டியில் உட்காரக்கூடாது என்பது இவர் கடையின் சட்டம். முதல் ராத்திரி கொச்சியிலேயே. பாலக்காட்டுக் குடும்பமானால் குருவாயூர்; பெரியவர்களுக்கும் திருப்தி.

ஹவுஸ்போட்டிலும் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுவார். பகல் பன்னிரண்டுக்கு ஏறி மறுநாள் காலை ஒன்பதுக்கு இறங்கவேண்டும். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் படகு நகராது. மீன்பிடிக்கிறவர்கள் வலை போடும் நேரம், கரையில் கட்டிவிடுவார்கள். சாதாரண வகுப்பில் ஏ.சி. ராத்திரி ஒன்பதுக்குத்தான் போடுவார்கள். நிலா வெளிச்சத்தில் காயலில் மிதப்போம் என்று நினைத்துப் போகிறவர்களிடம் இதை முன்கூட்டியே சொன்னால் பாதிப்பேர் வேறு ஏஜென்டிடம் போகிறார்கள். சொல்லாமல் விட்டால் திரும்பி வந்து சண்டை போடுகிறார்கள். போகிறவர் போகட்டும் என்பது அவர் முடிவு.

அந்தமானுக்கு இப்போது நல்ல கிராக்கி. டைம் பத்திரிகை 2004-ல் ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதிய ராதாநகர் அங்கேதான். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை தாராளமாகப் போகலாம். அங்கே மும்பைக்காரர்கள் ஏமாறுவது மூன்று விஷயத்தில். முதலாவது பெயர். 2018-ல் ஹேவ்லாக் தீவுக்கு ஸ்வராஜ் தீப் என்றும், 2024-ல் போர்ட் பிளேருக்கு ஸ்ரீவிஜயபுரம் என்றும் பெயர் மாறிவிட்டது. இரண்டு தீவுக்கும் இரண்டிரண்டு ராத்திரி வேண்டும் என்று ஹேவ்லாக்கையும் ஸ்வராஜ் தீப்பையும் தனித்தனியாக எழுதிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. இரண்டாவது சூரியன். வெகு கிழக்கே இருந்தாலும் கடிகாரம் நம் கடிகாரம்தான். டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் அஸ்தமனம். மதியம் தூங்கி எழுந்து ஆறு மணிக்குக் கடற்கரைக்குப் போனால் இருட்டு. மூன்றாவதுதான் பணத்தைக் கரைப்பது. விமானத்துக்கு முந்தின ராத்திரி கட்டாயம் போர்ட் பிளேரில் இருக்கவேண்டும். அதே நாள் காலைப் படகில் வந்து மதிய விமானம் பிடிக்கிறேன் என்பவர்களுக்குக் கடல் என்றைக்காவது ஒரு நாள் கொந்தளித்துப் பாடம் சொல்லித்தரும். படகு ரத்தானால் விமானம் காத்திராது.

மழை மாதக் கல்யாணக்காரர்களுக்கு இவர் வைத்திருக்கும் துருப்புச்சீட்டு இலங்கை. சின்னத் தீவு, இரண்டு பருவமழை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கே நனையும். பெந்தோட்டை, காலிக் கடற்கரைகள் அப்போது ஆகாது. அதே நேரத்தில் கிழக்கே திருகோணமலையும் நிலாவெளியும் கண்ணாடித் தண்ணீராகக் கிடக்கும். அக்டோபருக்குப் பிறகு கிழக்கே மழை. தெற்குக் கடற்கரைகள் டிசம்பரில் தெளிந்துவிடும். வைகாசியில் கல்யாணமாகி பெந்தோட்டைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த ஒரு செம்பூர் ஜோடியை நிலாவெளிக்குத் திருப்பிவிட்டார். பெண்ணின் பாட்டி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. திருக்கோணேச்சரம் சம்பந்தர் பாடிய தலம், பக்கத்திலேயே இருக்கிறது என்று சொன்னதும் பாட்டியே முன்பணம் கொடுத்தாள்.

இடம் முடிவானால் பெயர்ப் பிரச்சினை. நம்மவர்களுக்கு ஏது சர்நேம்? அப்பா பெயரின் முதலெழுத்து, பிறகு தன் பெயர், தீர்ந்தது. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலி. விமான டிக்கெட் தளங்களோ அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விடாது. 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா இல்லை என்று ஐக்கிய அரபு எமிரேட்ஸ் சொன்னபோது, துபாய் பார்த்துவிட்டுப் போகலாம் என்றிருந்த இரண்டு ஜோடிகளின் பயணத்தை இவர் அவசரமாக மாற்றினார். பத்திரிகையில் அச்சடித்த பெயர் ஒன்று, ஆதாரில் ஒன்று, வீட்டில் கூப்பிடுவது ஒன்று. கல்யாணத்துக்குப் பிறகு புருஷன் பெயரைச் சேர்த்துப் பெண்ணுக்கு டிக்கெட் எடுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயரே இருந்ததால் விமான நிலையத்தில் நின்ற கதை ஒன்றும் இவர் கடையில் நடந்ததுதான். தப்பு இவருடையது, ஒரு டிக்கெட்டின் விலை கையைவிட்டுப் போயிற்று. உள்ளூர் லாட்ஜுக்கும் இவர் சொல்லியனுப்புவது: கல்யாணப் பத்திரிகை ஒன்றைப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆதாரில் இரண்டு முகவரி இருந்தால் ரிசப்ஷன்காரனின் புருவம் உயரும். மஞ்சள் தடவிய பத்திரிகையைப் பார்த்தால் இறங்கிவிடும்.

பதிவு செய்த பிறகு சில வீடுகளிலிருந்து போன் வரும். "தேதியை அஞ்சு நாள் தள்ள முடியுமா?" காரணம் சொல்லமாட்டார்கள். ஆரம்பத்தில் இவர் ஏன் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் மௌனம். ஒரு நாள் அவர் மனைவி போனை வாங்கி, இரண்டு நிமிஷம் பேசி, புதுத் தேதியைக் குறித்துக்கொடுத்தார். அன்றிலிருந்து முன்பதிவுக்கு முன் பெண்ணிடமோ அவள் அம்மாவிடமோ தனியாகப் பேசுவது மனைவியின் வேலை. தேதி மாற்றும் அபராதம் இந்தக் கடையில் பாதியாகக் குறைந்தது அதனால்தான்.

கட்டிலில் ரோஜா இதழ், துண்டை மடித்து அன்னப்பட்சி, மெழுகுவத்தி டின்னர், ஒரு கேக்: இதற்கெல்லாம் 'ஹனிமூன் இன்க்ளூஷன்' என்று ஹோட்டல்கள் தனியாக வசூலிக்கின்றன. செலவைக் குறைக்கச் சொன்னால் இவர் முதலில் வெட்டுவது அதைத்தான். கடைசிவரை வெட்டவிடாதது ஒன்று உண்டு: வவுச்சரில் 'டபுள் பெட்' என்று எழுத்தில் இருக்கவேண்டும். வெறுமே இரண்டு பேருக்கு அறை என்று போட்டு அனுப்பிய வருஷத்தில், ஒரு மலைவாசஸ்தல ஹோட்டலில் புது ஜோடிக்கு நடுவே மேஜை போட்ட இரண்டு ஒற்றைக் கட்டில் கொடுத்தார்கள். மேஜையை நகர்த்த முடியாதபடி தரையோடு அறைந்திருந்ததாம்.

ரயிலில் போகிறவர்கள் முதல் வகுப்பு ஏ.சி.யில் இருவர் மட்டும் போகும் கூபே கேட்பார்கள். அது டிக்கெட் எடுக்கும்போது உறுதியாகாது. சார்ட் போடும்போதுதான் தெரியும். இவர் கல்யாணப் பத்திரிகை நகலோடு ஒரு வேண்டுகோள் கடிதம் எழுதிக் கொடுத்தனுப்புவார். சில சமயம் பலிக்கும்.

முன்பெல்லாம் ரயில் முன்பதிவுக்கு 120 நாள் இருந்தது. 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாள். தை முகூர்த்தத்துக்கான ரயில் கார்த்திகையில் திறக்கிறது. மார்கழி முழுக்கக் கல்யாண வேலை இல்லை, அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு வெயிட்டிங் லிஸ்ட்தான் கிடைக்கும். கார்த்திகை முதல் வாரமே மாட்டுங்கா வந்துவிடுங்கள். பத்திரிகை இன்னும் அடிக்கவில்லை என்றாலும் பரவாயில்லை. பாஸ்போர்ட்டையோ ஆதாரையோ கொண்டுவாருங்கள்.